போர்டுக்கு கோட்டிங்கா, எப்பாக்ஸியா? வட ஆர்க்காடு பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்வெல் ஸ்டார்ட்டர் பெட்டி, சோலார் பம்ப் கன்ட்ரோலர், டேனரி டிரம்மை ஓட்டும் டிரைவ், தறிக்கூடத்து டைமர் என்று எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு இருக்கிறது. அதை ஈரத்திலிருந்தும் உப்பிலிருந்தும் எப்படிக் காப்பது என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை பக்கத்து மெக்கானிக்குகளும், சின்ன அளவில் போர்டு தயாரிப்பவர்களும், விவசாயிகளும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் அது நாளைக்கு இன்னொருவர் திறந்து பழுது பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

கோட்டிங், பாட்டிங் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. கோட்டிங் என்பது போர்டின் மேல் பூசும் மெல்லிய படலம். ஐசி, ரெசிஸ்டர், ஈயம் வைத்த இடம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அவற்றின் வடிவத்தை ஒட்டியே படலம் படியும். பாட்டிங் என்பது போர்டை ஒரு பெட்டிக்குள் வைத்து, மூழ்கும்வரை ரெசின் என்ற பிசின் திரவத்தை ஊற்றி இறுக விடுவது. அந்த ரெசின் எப்பாக்ஸியாக இருந்தால் கருங்கல் மாதிரி ஆகிவிடும். உள்ளே ஒரு சின்ன டயோடு போனாலும் மொத்தப் பெட்டியையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எங்கள் ஊரில் மட்டும் போர்டு ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது?

தண்ணீர் மட்டும் போர்டைக் கெடுத்துவிடாது. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அதில் உப்பு கரையும்போதுதான் வினை தொடங்குகிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு டிராக்குக்கு (போர்டில் ஓடும் செம்புக் கோடு) நடுவில் ஈரமும் உப்பும் சேர்ந்து, மேலே மின்னழுத்தமும் இருந்தால், ஒரு பக்கத்து உலோகம் கரைந்து மறுபக்கத்தில் வேர் மாதிரிக் கிளைவிட்டு வளரும். அது எதிர்ப் பக்கத்தைத் தொட்ட நொடியில் ஷார்ட்.

இந்தப் பக்கத்தில் உப்புக்குக் குறைவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளுக்கு வரும் பச்சைத் தோல் உப்பு போட்டுத்தான் வருகிறது. தோலை உதறும்போது அந்த உப்பு தூளாகப் பறக்கும். அடுத்து, முடி நீக்குவதற்குச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீரோடு அமிலத் தண்ணீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். ஆளுக்கே ஆபத்தான வாயு. செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைப்பதும் அதுவே. டேனரிக்குத் தூரமாக இருக்கும் வயல்களில் கதை வேறு. ஒடுகத்தூர், ஆலங்காயம் மாதிரி மலையடிவார ஊர்களில் மார்கழி, தை விடியலில் தகர ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பனி வியர்க்கும். பகலில் அதே பெட்டி வெயிலில் கொதிக்கும். மே மாதத்தில் வேலூரில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டும்போது மூடிய பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உரத் தூளும் மருந்து வாடையும் பம்ப் ஷெட்டில் தனி.

அப்படியானால் எப்பாக்ஸி ஊற்றி மூடிவிடுவதுதானே நல்லது?

பலரும் இப்படித்தான் முடிவு செய்கிறார்கள். தண்ணீரைத் தடுப்பதில் எப்பாக்ஸி கெட்டிதான். ஆனால் அதற்குள் மூன்று சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, சூட்டில் விரிவது. நிரப்புப் பொடி சேர்க்காத எப்பாக்ஸி ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் 50 முதல் 80 பங்கு வரை நீளும். கண்ணாடி நார் போர்டு 14 முதல் 17 பங்குதான். சிப் வடிவ செராமிக் கெப்பாசிட்டர் சுமார் 10. எல்லாம் ஒரே கட்டியாக இறுகிக் கிடக்க, பகலில் கொதித்து இரவில் ஆறும்போது ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில் இழுக்கும். கடைசியில் செராமிக் கெப்பாசிட்டரில் விரிசல் விழும், அல்லது ஈயம் வைத்த இடம் விட்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பெட்டி புதுசு மாதிரியே இருக்கும்.

இரண்டாவது, ஊற்றும்போதே வரும் சூடு. ரெசினும் ஹார்டனரும் சேர்ந்தால் வெப்பம் வெளிப்படும். ஒரே நேரத்தில் நிறைய ஊற்றினால் அந்த வெப்பம் வெளியே போக வழியில்லாமல் பாகங்களைக் கெடுக்கும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் தலையில் அழுத்தம் வெளியேறக் கீறல் போட்டிருப்பார்கள், அதுவும் அடைபட்டுப் போகும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. அந்தப் போர்டில் போவது பெரும்பாலும் விலை குறைந்த பாகம்: ஒரு மின்னல் தடுப்பு வேரிஸ்டர், ஒரு ரிலே, ஒரு ரெகுலேட்டர். நல்ல மெக்கானிக் உட்கார்ந்தால் அரை நாளில் முடியும் வேலை. நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நேரத்தில் ஒரு விவசாயியை முழுக் கன்ட்ரோலருக்குப் பணம் புரட்ட வைப்பது அந்தக் கறுப்புக் கட்டிதான். இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022ல் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தபோது, முதலில் எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அந்த உரிமை காகிதத்தில் இருந்து என்ன பயன், போர்டையே திறக்க முடியாவிட்டால்?

எப்பாக்ஸி கூடவே கூடாதா?

தேவையான இடம் உண்டு. தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் சென்சார், வண்டி இன்ஜினில் அதிர்ந்துகொண்டே இருக்கும், தீப்பொறியைக் கொடுக்கும் சிடிஐ யூனிட், வெடிக்கக்கூடிய வாயு சூழும் இடத்துக்கென்று சான்று பெற்ற கருவி ஆகியவற்றில் பாட்டிங் வடிவமைப்பின் பகுதி. அதை மாற்றாதீர்கள். சான்று பெற்ற கருவியில் கை வைத்தால் சான்றும் போகும், உயிருக்கும் ஆபத்து.

ஊற்றித்தான் ஆக வேண்டும், ஆனால் பிறகு திறக்கவும் வேண்டும் என்றால் சிலிக்கான் ஜெல் அல்லது மென்மையான பாலியூரித்தேன் ஊற்றலாம். சிலிக்கான் ஜெல்லைக் கத்தியால் வெட்டி எடுத்து, பாகத்தை மாற்றி, அந்தக் குழியில் மட்டும் மறுபடி ஊற்றினால் பழையதோடு சேர்ந்துகொள்ளும்.

எந்தக் கோட்டிங் வாங்குவது? கடையில் நாலைந்து பெயர் சொல்கிறார்கள்.

வழக்கத்தில் இருப்பவை ஐந்து: அக்ரிலிக், யூரித்தேன், சிலிக்கான், எப்பாக்ஸி, பாரிலீன். பாரிலீனை வெற்றிட அறையில் ஆவியாக்கித்தான் படிய வைக்க முடியும். நம் பட்டறை வேலை இல்லை. எப்பாக்ஸிக் கோட்டிங் மெல்லியதாக இருந்தாலும் கழற்றுவதில் அதே தலைவலிதான். மீதி மூன்றையும் பார்ப்போம்.

பட்டறைக்கு என் முதல் தேர்வு அக்ரிலிக். சீக்கிரம் காயும், ஈரத்தை நன்றாகத் தடுக்கும், சுமார் 125 டிகிரி வரை தாங்கும். கரைப்பானில் துடைத்தால் வந்துவிடும்; சால்டரிங் அயர்னை அப்படியே வைத்தாலும் உருகி வழிவிடும். அதன் பலவீனமும் இதே குணம்தான். பெட்ரோல், டீசல், தின்னர் படும் இடத்தில் கரைந்துவிடும். ஜெனரேட்டர் ஷெட்டுக்கு அக்ரிலிக் சரிப்படாது.

யூரித்தேன் இதைவிட உறுதி. எண்ணெயும் ரசாயனமும் அவ்வளவு சுலபமாகத் தாக்காது. அதனாலேயே கழற்றுவதும் கஷ்டம். அதன் மேலேயே சால்டர் பண்ணலாம் என்பார்கள். பண்ணலாம்தான், ஆனால் சூட்டில் ஐசோசயனேட் புகை வரும். அது ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது. சின்னக் கடைக்குள் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் குனிந்து வேலை செய்பவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. முதலில் சுரண்டி எடுங்கள், புகையை வெளியே இழுக்க ஒரு எக்ஸாஸ்ட் வையுங்கள்.

சிலிக்கான் 200 டிகிரி வரை தாங்கும். ரப்பர் மாதிரி வளைந்து கொடுப்பதால் சூடு, குளிரில் பாகங்களை இழுக்காது. நகத்தாலோ மரக்குச்சியாலோ உரித்து எடுக்கலாம். சோலார் கன்ட்ரோலர் மாதிரி வெயிலில் வேகும் பெட்டிக்கு இது பொருத்தம். இரண்டு எச்சரிக்கை உண்டு. மூடாத ரிலே பக்கத்தில் இருந்தால், சிலிக்கானின் ஆவி அதன் பாயின்ட்டில் படிந்து, தீப்பொறியில் எரிந்து, மணல் போன்ற சிலிக்காவாக மாறித் தொடர்பைக் கெடுக்கும். இன்னொன்று டேனரிப் பக்கத்து விஷயம். அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

டேனரிக்குள் இருக்கும் பேனலுக்கு சிலிக்கான் போட்டேன், அப்புறமும் ரெசிஸ்டர் போகிறது. ஏன்?

சிலிக்கான் தண்ணீர்த் துளியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஹைட்ரஜன் சல்பைடு அதற்குள் சுலபமாக ஊடுருவும், போதாததற்கு கந்தகத்தை உள்ளே பிடித்தும் வைத்துக்கொள்ளும். சாதாரண சிப் ரெசிஸ்டரின் முனைக்கு உள்ளே வெள்ளிப் படலம் இருக்கிறது. மேல் பூச்சும் முனை முலாமும் சந்திக்கும் இடுக்கு வழியாகக் கந்தகம் நுழைந்தால் வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறும். மெல்ல மெல்லத் தொடர்பு அறுந்து ரெசிஸ்டர் ஓப்பன் ஆகிவிடும். உருப்பெருக்கியில் பார்த்தால் அந்த முனையில் கறுப்பு ஊசிகள் தெரியும். கோட்டிங் மேலே பளபளவென்று இருக்க, அடியில் இது நடந்துகொண்டிருக்கும்.

இந்த மாதிரிக் காற்றை அளந்து வகைப்படுத்த ஐஎஸ்ஏ 71.04 என்ற தரநிலை இருக்கிறது. ஒரு செம்புத் தகட்டைத் தொங்கவிட்டு, மாதத்துக்கு எவ்வளவு தடிப்பில் அரிப்புப் படலம் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். 300 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஒரு மில்லிமீட்டரைக் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ராம்) இருந்தால் சாதாரணக் காற்று. 2000ஐத் தொட்டால் கடைசி வகை, மிகக் கடுமையானது. அளக்கும் வசதி இல்லாவிட்டாலும், புதிதாகத் தேய்த்த செம்புக் கம்பியைப் பேனலுக்குள் சில வாரம் வைத்துப் பார்த்தால் ஒரு நிதானம் கிடைக்கும். கறுத்துப் போனால் கோட்டிங்கை மட்டும் நம்ப முடியாது.

அக்ரிலிக்கும் யூரித்தேனும் கந்தக வாயுவைத் தாமதப்படுத்தும், முழுக்க நிறுத்தாது. பேனலை ஊறவைக்கும் தொட்டி, கழிவுநீர்க் கால்வாய் பக்கத்திலிருந்து தள்ளி, தனி அறைக்கு மாற்றுவதுதான் மிகப் பெரிய காப்பு. பெட்டிக்குள் வெளிக்காற்றை இழுக்கும் ஃபேன் வேண்டாம். புதிதாக வடிவமைப்பவர்கள் கந்தகம் தாங்கும் ரெசிஸ்டர் என்று கேட்டு வாங்குங்கள், தனியாகவே விற்கிறார்கள்.

மோட்டார் காயில் வார்னிஷ், நெயில் பாலிஷ், ஃபெவிக்விக் போட்டால் போதாதா?

காயில் வார்னிஷ் கம்பிச் சுற்றுக்கு ஆனது. தடிமனாக நின்று நாளடைவில் வெடிக்கும், சரியாகக் காயவும் சூடு வேண்டும். அவசரத்துக்கு ஒரு டிராக்கை மூட நெயில் பாலிஷ் பரவாயில்லை, முழுப் போர்டுக்கு வேண்டாம். ஃபெவிக்விக் வகைப் பசை காயும்போது சுற்றிலும் வெள்ளையாகப் படிந்து, அதன் ஆவி ஸ்விட்ச் பாயின்ட் வரை போகும்.

கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் டியூப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காயும்போது வினிகர் வாடை வந்தால் அது அசிட்டிக் அமிலம் விடுகிறது என்று அர்த்தம். செம்பை அரிக்கும். போர்டுக்கு அது ஆகாது. நியூட்ரல் க்யூர் என்று போட்டிருக்கும் டியூபாக, முடிந்தால் எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கென்றே விற்பதாக, கேட்டு வாங்குங்கள்.

கோட்டிங் போடுவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?

பாதிக்கு மேல் வேலை இங்கேதான். அழுக்குப் போர்டின் மேல் கோட்டிங் போட்டால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறோம். எந்தக் கோட்டிங்கும் ஈர ஆவியைக் கொஞ்சம் உள்ளே விடும். அடியில் இருக்கும் உப்பு அதை உறிஞ்சிக் கொப்புளம் கட்டும். அந்தக் கொப்புளத்துக்குள் அரிப்பு நிம்மதியாக வளரும். விரலில் உள்ள வியர்வையே இதற்குப் போதும். அதனால் கழுவிய பிறகு போர்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள், கையுறை இருந்தால் இன்னும் நல்லது.

கழுவ 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் வாங்குங்கள். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும். மென்மையான பிரஷ்ஷால், சால்டர் வைத்தபோது ஒட்டிய ஃபிளக்ஸ் முழுக்கப் போகும்வரை தேய்த்து, ஓடவிட்டுக் கழுவ வேண்டும். ஒரு துணியால் துடைத்தால் அழுக்கு இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகும், அவ்வளவுதான். உப்பு படிந்த போர்டானால் ஆல்கஹாலுக்கு முன்னால் தண்ணீரில் கழுவ வேண்டும், ஏனென்றால் உப்பு ஆல்கஹாலில் அவ்வளவாகக் கரையாது. அதற்கு நம் ஊர்க் குழாய்த் தண்ணீரை எடுக்காதீர்கள். போர்த் தண்ணீரே உப்புத் தண்ணீர்தான். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.

பிறகு காய வையுங்கள். 60 முதல் 70 டிகிரியில் இரண்டு மணி நேரம் நல்லது. குண்டு பல்பு போட்ட பெட்டியே போதும். ஆல்கஹால் முழுக்க ஆவியான பிறகுதான் பெட்டிக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும்.

எங்கெல்லாம் படக் கூடாது?

கனெக்டர், ரிலே, பிரீசெட் (திருகிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்), பட்டன், ஃபியூஸ் பிடிப்பான், ஹீட் சிங்க் உட்காரும் பரப்பு, பஸ்ஸர், ஈரப்பதம் அளக்கும் சென்சார், மீட்டர் முள் வைத்துப் பார்க்கும் டெஸ்ட் பாயின்ட். எல்லாவற்றையும் சூடு தாங்கும் பாலிஇமைடு டேப்பால் மூடிவிட்டு அடியுங்கள். டேப்பைக் கோட்டிங் முழுக்க இறுகுவதற்கு முன்பே எடுத்துவிட்டால் ஓரம் கிழியாது.

எவ்வளவு தடிமன், எத்தனை தடவை?

எலக்ட்ரானிக்ஸ் தொழில் அமைப்பான ஐபிசியின் தரநிலைப்படி அக்ரிலிக், யூரித்தேன் இரண்டுக்கும் 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர், சிலிக்கானுக்கு 0.05 முதல் 0.21. ஜெராக்ஸ் தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் தடிப்பாக அடித்தால் மேலே தோல் கட்டி, உள்ளே கரைப்பான் மாட்டிக் குமிழி விடும். மெல்லியதாக ஒரு தடவை, காய்ந்ததும் போர்டைத் திருப்பி எதிர்த்திசையில் இன்னொரு தடவை. ஐசி காலின் கூர்மையான ஓரங்களில் படலம் விலகி நிற்கும், அங்கே சின்ன பிரஷ்ஷால் தொட்டு விடுங்கள்.

பெரும்பாலான கோட்டிங்கில் புற ஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும் பொருள் கலந்திருக்கும். கள்ள நோட்டுப் பார்க்கும் டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். விட்டுப்போன இடம் கறுப்பாகக் காட்டிக்கொடுக்கும்.

கோட்டிங் போட்ட போர்டு பழுதாக வந்திருக்கிறது. என்ன கோட்டிங் என்று தெரியவில்லை.

முதலில் சப்ளையைக் கழற்றுங்கள். டிரைவ் போர்டாக இருந்தால் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். சிங்கிள் ஃபேஸில் சுமார் 325 வோல்ட், த்ரீ ஃபேஸில் 580க்கு மேல். மீட்டர் வைத்துப் பார்த்து, ரெசிஸ்டர் மூலம் இறக்கிய பிறகே கை வையுங்கள்.

அப்புறம் ஓரத்தில் நகத்தால் அழுத்துங்கள். ரப்பர் மாதிரி அமுங்கி உரிந்தால் சிலிக்கான். உரியாவிட்டால், பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் அல்லது துளி அசிட்டோன் தொட்டு ஒரு மூலையில் வையுங்கள். பிசுபிசுத்தால் அக்ரிலிக். அசையவே இல்லையென்றால் யூரித்தேனோ எப்பாக்ஸியோ, சுரண்ட வேண்டியதுதான். அசிட்டோன் பல பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும், கனெக்டர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டிய பாகத்தைச் சுற்றி மட்டும் எடுத்து, மாற்றி, கழுவி, அதே வகைக் கோட்டிங்கை அந்த இடத்தில் பூசுங்கள்.

வேலை முடிந்ததும் மூடியின் உள்பக்கம் எந்த வகைக் கோட்டிங், எந்தத் தேதி என்று மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்து திறப்பவருக்கு இந்தத் தேடலே இருக்காது.

வெள்ளத்தில் மூழ்கிய போர்டைக் காப்பாற்ற முடியுமா?

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது ஆற்றோரத்தில் எத்தனையோ மோட்டார் ஷெட்டுகள் தண்ணீரில் நின்றன. அப்படி நனைந்த போர்டைக் காய்ந்துவிட்டதே என்று சப்ளை கொடுத்துப் பார்ப்பதுதான் அதைக் கொல்கிறது. சேறு காய்வதற்குள் கழற்றி, டிஸ்டில்டு வாட்டரில் பிரஷ் போட்டுக் கழுவி, ஆல்கஹாலில் அலசி, சூட்டில் காய வையுங்கள். மூடாத ரிலே, டிஸ்ப்ளே, டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றைத் தனியாகச் சோதியுங்கள். ரிலேவை மாற்றிவிடுவது உத்தமம்.

கோட்டிங் போட்டால் பெட்டி தேவையில்லையா?

தேவை. கோட்டிங் வாட்டர்ப்ரூஃப் கிடையாது, ஈரத்தையும் தூசியையும் சமாளிக்கும் அளவுதான். கேபிள் எல்லாம் கீழ்ப்பக்கமாக, கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் வழியாக நுழையட்டும். நுழைவதற்கு முன் கேபிள் கொஞ்சம் தொங்கி வளைந்து ஏறினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

நாங்கள் சொந்தமாக கன்ட்ரோலர் தயாரிக்கிறோம். எப்பாக்ஸி ஊற்றாவிட்டால் டிசைனை காப்பி அடித்துவிடுவார்களே?

இந்தப் பயம் நியாயமானது. ஆனால் காப்பி அடிக்கத் துணிந்தவர் ஒரு பீஸை வீணாக்கி ரெசினை உடைத்துப் பார்க்கத் தயங்க மாட்டார். உங்கள் உழைப்பு பெரும்பாலும் மைக்ரோகன்ட்ரோலரின் புரோகிராமில்தான் இருக்கிறது. அதைப் படிக்க முடியாமல் பூட்டும் வசதி சிப்பிலேயே உண்டு, அதைப் போடுங்கள். உங்கள் பெட்டி குடியாத்தத்திலோ போளூரிலோ ஒரு மெக்கானிக் கையில் அன்றைக்கே சரியாகும் என்றால், அந்த மெக்கானிக் அடுத்த விவசாயிக்கும் அதையே வாங்கச் சொல்வார். வேரிஸ்டர், ரிலே, ஃபியூஸ் மூன்றையும் ஓரமாக வைத்து அக்ரிலிக் அடியுங்கள். பாகங்களின் எண்ணை அழிக்காதீர்கள்.

வாரண்டியில் இருக்கும் சோலார் பம்ப் கன்ட்ரோலருக்கு நானே கோட்டிங் போடலாமா?

வேண்டாம். சீல் உடைந்தால் வாரண்டி போச்சு. மருத்துவக் கருவிகளுக்கும் இதே பதில்தான், வாரண்டி முடிந்திருந்தாலும்.

பல்லி, எறும்பு உள்ளே போய் ஷார்ட் ஆவதை கோட்டிங் தடுக்குமா?

போர்டின் மேல் ஓரளவு தடுக்கும். ஆனால் பல்லி குறுக்கே விழுவது பெரும்பாலும் கான்டாக்டர் டெர்மினலிலும் ஸ்க்ரூ டெர்மினலிலும்தான். அங்கே கோட்டிங் போடவே கூடாது. 415 வோல்ட் முனைகளுக்கு இன்சுலேட்டிங் மூடி போடுங்கள். பயன்படாத கேபிள் ஓட்டைகளை அடையுங்கள், கிளாண்டில் கேபிளுக்கும் ரப்பருக்கும் இடையில் சந்து இருந்தால் சரியான அளவு கிளாண்டை மாற்றுங்கள். காற்றுத் துளை இருந்தே ஆக வேண்டும் என்றால் உள்பக்கமாகக் கொசுவலை மாதிரி நுண்ணிய ஸ்டெயின்லெஸ் வலை வைத்து, அதன் ஓரத்தை நியூட்ரல் சிலிக்கானால் ஒட்டிவிடுங்கள்.